ஒரு நிலக்கடலை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்தாலும் போதும், ஆனால் ஆகஸ்டுக்குள் படித்துவிடுங்கள்.

மகள் குடும்பம் ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்கு வருகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களில் பாதி, "பேரனுக்குக் கடலை அலர்ஜி குணமாயிடுச்சாமே டீச்சர், இனி எல்லாம் சாப்பிடலாமா?" என்பதுதான். 94-ஆம் வருட செட் மாணவர் ஒருவர் ஒரு படி மேலே போய், "முதல் பாக்கெட் நம்ம கடையிலிருந்துதான்" என்று எழுதிவிட்டார். அவர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரம் செய்கிறவர். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் என் பேரனுக்கு அந்தப் பாக்கெட்டைத் தர முடியாது. ஏன் என்று தனித்தனியாகப் போனில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பேரன் பிறந்தது இங்கிலாந்தில். பதினாலு மாதத்தில் ரொட்டித் துண்டில் கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்து, ஆம்புலன்ஸ் வந்து அட்ரினலின் ஊசி போட்டுத்தான் பிழைத்தான். அதற்குப் பிறகு தோலிலும் ரத்தத்திலும் சோதனை செய்து, நிலக்கடலை ஒவ்வாமை, கடுமையானது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் வாழ்க்கை வேறு. அவன் கதைப் புத்தகம் படிக்கும் முன்பே பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தான். அங்கே பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிறந்தநாள் விழாவுக்கு அழைப்பு வந்தால் தன் கேக்கைத் தன் டப்பாவில் எடுத்துக்கொண்டு போவான். பள்ளியில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்காருவான். எங்கே போனாலும் இடுப்பில் ஒரு சின்னப் பை, அதற்குள் இரண்டு அட்ரினலின் பேனா.

அவனுக்கு மூன்று வயதில் ஒருமுறை இங்கே வந்தார்கள். மூன்று வேளையும் எதைக் கொடுப்பது என்று பயந்து பயந்து, பத்தே நாளில் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரவேயில்லை. மாப்பிள்ளையின் அப்பா சதாபிஷேகத்துக்குக்கூட மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்துபோனார். சொந்தத்தில் சிலர் அதற்குக் கோபித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கு 88 வயது. கொள்ளுப்பேரனைப் போனில்தான் பார்க்கிறார்.

"நம்ம காலத்துல இதெல்லாம் கிடையாதே, தரையில கிடந்த கடலையையே பொறுக்கித் தின்னோமே" என்று சித்தப்பா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழுவும் இதையேதான் கேட்டது. இங்கிலாந்தில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை சுமார் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே 'பம்பா' என்ற நிலக்கடலைப் பொரியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அப்போது, கொடுக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதே குழு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சின்ன வயதிலேயே கடலை கொடுத்து, மறு பாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்காமல் வைத்துப் பார்த்தது. 2015-இல் முடிவு வந்தது. சாப்பிட்ட பிள்ளைகளிடம் ஒவ்வாமை எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைவு. கைக்குழந்தை வைத்திருக்கும் என் மாணவிகள் இதைக் குறித்துக்கொண்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள். முழுக் கடலையையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஆனால் அது வருமுன் காப்பது. வந்துவிட்ட பிள்ளைக்கு அது உதவாது. வந்தவனுக்குச் செய்ததுதான் வாய்வழி இம்யூனோதெரபி. எந்தப் பொருள் ஆகாதோ அதையே தூசி அளவில் தினமும் சாப்பிடக் கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டுவது. நம் உடம்பில் கடலைப் புரதத்தை எதிரி என்று தவறாக அடையாளம் கண்டு மணி அடிக்கும் காவலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழக்கம் ஏற்படுத்தி, சின்ன அளவுக்கெல்லாம் மணி அடிக்காமல் இருக்க வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். (அறிவியல் டீச்சர் இதைப் படித்தால் மன்னிக்கவும். கணக்கு டீச்சர் இவ்வளவுதான் சொல்ல முடியும்.) யோசனை புதிதல்ல. 1908-லேயே ஸ்கோஃபீல்டு என்ற ஆங்கில மருத்துவர் முட்டை ஆகாத ஒரு சிறுவனுக்கு முட்டையைத் துளித்துளியாக மாத்திரையில் கொடுத்துப் பழக்கியதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கடலைக்கு என்று அளந்து அடைத்த பொடி, பால்ஃபோர்சியா என்ற பெயரில், 2020-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் திட்டத்தில் 2022-இல் சேர்த்தார்கள், 4 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு.

மகளுக்கு இதைச் செய்தே ஆகவேண்டும். மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் வீட்டில் ஒரு மாதம் அந்தப் பேச்சுதான். மாப்பிள்ளை சொன்னதில் விஷயம் இருந்தது. "அத்தை, இப்ப அவன் கடலையே தொடுறதில்லை. வருஷத்துல ஒரு நாள் தவறி ஆகலாம். இதுல நானே தினமும் அவன் வாயில விஷத்தைப் போடணும்" என்றார். 2019-இல் லான்செட் பத்திரிகையில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியதும் அதுதான். சும்மா தவிர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைவிட, சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கே கடும் எதிர்வினை அதிகம் வருகிறது. மகள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. "வீட்டுல வர்றப்ப ஊசி கையில இருக்கும், நான் பக்கத்துல இருப்பேன். ஸ்கூல்ல, பஸ்ல, ஊர்ல வந்தா?" இரண்டையும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. கடைசியில் முடிவு செய்தது அவன்தான். ஒரு நண்பன் வீட்டில் இரவு தங்கப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டான். அது முடியவே முடியாது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

போன வருடம் ஜனவரியில், நான் அங்கே இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். முதல் நாள் முழுக்க மருத்துவமனையில். 0.5 மில்லிகிராம் புரதம், பிறகு 1, 1.5, 3, 6 என்று ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது முப்பது நிமிடம் காத்திருப்பு. ஒரு நிலக்கடலையில் சுமாராக 300 மில்லிகிராம் புரதம் என்று வைத்தால், அந்த முதல் 0.5 என்பது கடலையில் அறுநூறில் ஒரு பங்கு. தயிரில் கலந்த அந்தப் பொடி கண்ணுக்கே தெரியவில்லை. அதை அவன் விழுங்கியதும் மாப்பிள்ளை அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அறையில் ஒருவரும் பேசவில்லை. பையன் மட்டும் ஏதோ கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் 3 மில்லிகிராமில் தொடங்கி வீட்டில் தினமும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் அடுத்த அளவை அவர்கள் கண்முன்னே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். அளவுகள் இவை: 3, 6, 12, 20, 40, 80, 120, 160, 200, 240, 300. பத்தாம் வகுப்புக் கணக்கு மறக்காதவர்கள் பாருங்கள். முதல் மூன்று பெருக்குத் தொடர்வரிசை. அடுத்து 24 வராமல் 20 வருகிறது. 20, 40, 80 மறுபடி இரட்டிப்பு. 80-க்கு மேல் கூட்டுத் தொடர்வரிசை, பொது வித்தியாசம் 40. கடைசிப் படி மட்டும் 60. இது ஏன் இப்படி என்று நான் கேட்க, அங்கிருந்த நர்ஸ் அம்மா சிரித்துக்கொண்டே, இதை என்னிடம் கேட்ட முதல் பாட்டி நீங்கள்தான் என்றார்.

பதினோரு படி, படிக்கு இரண்டு வாரம், ஆக 22 வாரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். வாழ்வது அவ்வளவு சுலபம் இல்லை. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் ஓடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது. உடம்பு சூடானால் எதிர்வினை வர வாய்ப்பு அதிகம். சாப்பிட்டதும் தூங்கவும் கூடாது, யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பள்ளியிலிருந்து வந்த ஏழு வயதுப் பையனை மூன்று மணி நேரம் ஓடாமல் உட்கார வைப்பதற்கு, நாற்பது பேர் வகுப்பை அடக்கிய அனுபவமும் போதவில்லை. பரமபதம், பல்லாங்குழி, ஏழாம் வாய்ப்பாடு எல்லாம் அந்த நேரத்தில்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். (பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை. வேறு எந்தக் கொட்டையும் அந்த வீட்டுக்குள் வராது.)

அவனுக்கு அந்த வாசனையே பிடிக்காது. வாடை வந்தாலே முகம் சுளிக்கும். தயிர் வெறுத்துப்போய், ஆப்பிள் கூழ் வெறுத்துப்போய், கடைசியில் சாக்லேட் புட்டிங்கில் நின்றது. வாரத்தில் இரண்டு நாள் வயிற்று வலி, வாய்க்குள் அரிப்பு. "ஆச்சி, டுடே வேண்டாம்" என்பான். அவன் அம்மா ஒன்றும் பேசாமல் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் அரை மணி நேரம்கூட அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரலில் 120-க்கு ஏறிய ஐந்தாம் நாள். எப்போதும் போல மாலையில் சாப்பிட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்தான். கால் மணி நேரத்தில் கழுத்தைச் சொறிந்தான். பிறகு இருமல். "அம்மா" என்று கூப்பிட்ட குரல் கரகரத்துப் போயிருந்தது. மகள் வந்தாள், பார்த்தாள், பையைத் திறந்தாள், கால்சட்டையின் மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் பேனாவை அழுத்தினாள், படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தாள், ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். எல்லாம் ஒரு நிமிடம். சின்ன வயதில் பல்லி விழுந்தால் தெருவே கேட்கக் கத்துகிற பெண் அவள். அவள் கை நடுங்கியது ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான்.

இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். விடியற்காலையில் அவனுக்கு 39 டிகிரி காய்ச்சல். ஏதோ வைரஸ் முந்தின நாளே உள்ளே இருந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை. காய்ச்சல் நாளில் அளவு தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அதனால் உடம்பு சரியில்லாத நாளில் மருத்துவமனையைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் வரப்போகிற காய்ச்சலை யார் பார்ப்பது?

மாப்பிள்ளை, "போதும், நிறுத்திடலாம்" என்றார். மகள் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பையனே கேட்டான், "எண்பது நான் பாஸ் பண்ணிட்டேன்ல ஆச்சி? எண்பதுக்குப் போகலாம்ல?" மருத்துவரும் அதையேதான் சொன்னார். 80-க்கு இறங்கி, நான்கு வாரம் அங்கேயே நின்று, பிறகு ஏறினார்கள். அதனால் கணக்கு நீண்டுவிட்டது. ஜூன் கடைசியில் நான் ஊர் திரும்பும்போது 200-இல் இருந்தான். 300-ஐ வீடியோ காலில்தான் பார்த்தேன். ஏழு மாதப் பாடு, ஒரே ஒரு நிலக்கடலை அளவு. நண்பன் வீட்டில் இரவு தங்கிவிட்டும் வந்துவிட்டான், பேனாவோடும், அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு பக்கக் குறிப்போடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குணமாகிவிட்டதா? இல்லை.

2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், பொடி சாப்பிட்ட 4 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 67 சதவீதம் பேர், வருடக் கடைசியில் 600 மில்லிகிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்கினார்கள். வெறும் மாவு சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேர்தான். அந்த 600 என்பது சுமார் இரண்டு கடலை. தெரியாமல் ஒரு துணுக்கு வாயில் போய்விட்டால் உயிருக்கு ஆபத்து வராமல் காக்கும் அளவு, அவ்வளவுதான். ஒரு கடலைமிட்டாயில் எத்தனை கடலை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அதே ஆய்வில் பொடி சாப்பிட்ட நூறு பேரில் பதினான்கு பேருக்கு இடையில் அட்ரினலின் தேவைப்பட்டது.

இந்தத் தாங்கும் சக்தி நிலைத்து நிற்பதும் இல்லை. கடலை கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு நிறுத்திப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2019-இல் வந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் பெரும்பாலோருக்கு அந்தச் சக்தி போய்விட்டது. ஆகவே அவன் தினமும் சாப்பிட்டாக வேண்டும், இங்கே வந்தாலும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு, ஒன்று முதல் மூன்று வயதில் ஆரம்பித்தால், நிறுத்திய பிறகும் சிலருக்கு நிலைக்கிறது என்று 2022-இல் ஒரு ஆய்வு சொன்னது, ஐந்தில் ஒருவர் அளவுக்கு. இவன் ஆரம்பித்தது ஏழு வயதில்.

அதனால் ஆகஸ்டு விஷயங்கள்.

முதலில் வார்த்தைக் குழப்பம். நாம் 'கடலை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பொருளைச் சொல்கிறோம் பாருங்கள். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு எல்லாம் அவன் சாப்பிடுவான், சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நிலக்கடலை மட்டும் ஆகாது. அதற்குத்தான் வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று ஊருக்கு ஒரு பெயர். போன தடவை ஒரு ஓட்டலில் "சட்னியில கடலை இருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்க, சர்வர் "ஆமா சார், பொட்டுக்கடலை" என்றார். நல்லவேளை, இன்னொரு தடவை கேட்டார். தேங்காய் விலைக்குப் பயந்து அதில் நிலக்கடலையும் அரைத்திருந்தது. இந்தத் தடவை எல்லாப் பெயர்களையும் எழுதி ஒரு அட்டை தயார் செய்திருக்கிறேன். சென்னையிலிருந்து யாராவது வேறு பெயர் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கு எண்ணெயில் இருக்கும். இப்போது எல்லோரும் ஆரோக்கியத்துக்காக மரச்செக்குக்கு மாறிவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் அதில் சுட்ட முறுக்கு, காராச்சேவு, அப்பளம் எதுவும் அவனுக்கு வேண்டாம். கடலைமிட்டாய் போடும் பட்டறையில் செய்த எள்ளுமிட்டாயும் வேண்டாம், அதே தட்டு, அதே கரண்டி. புளியோதரை, மிக்சர் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மதினி, அவித்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று யாரோ சொன்னதாகக் கேட்டீர்கள். அவித்த கடலையில் வீரியம் குறைவு என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் அவித்த கடலையில் தொடங்கிச் சிகிச்சையே செய்து பார்த்திருக்கிறார்கள். குறைவுதானே தவிர, இல்லாமல் போவதில்லை. நம் வீட்டில் சோதிக்க வேண்டாம். யூடியூப் பார்த்துத் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மூன்றாவது, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ஊசி, பிறகுதான் மற்றதெல்லாம். தண்ணீர் கொடுப்பது, திருநீறு பூசுவது, அலர்ஜி மாத்திரை தேடுவது எதுவும் முன்னால் வரக் கூடாது. மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. அந்தப் பேனா நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்காது என்பதால் நான்கு எடுத்து வருகிறார்கள். பக்கத்து மருத்துவமனையில் இப்போதே பேசி வைத்துவிட்டேன். எப்படிப் போடுவது என்று பயிற்சிப் பேனாவில் வீட்டில் எல்லோருக்கும் மகள் சொல்லிக்கொடுப்பாள். அம்மாவும் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கையில் பலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் புது மிக்ஸி ஜார், புதுத் தோசைக்கல் வாங்கியாகிவிட்டது. எண்ணெயும் மாற்றியாகிவிட்டது.

தினமும் மாலை ஐந்து மணிக்குப் பொடி சாப்பிடுவான். எட்டு மணி வரை அவனைத் தெருவில் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், அவன் கெஞ்சினாலும். காலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், ஆள் குறைகிறது, பிள்ளைகளை அனுப்புங்கள். வருகிறவர்கள் வாசல் குழாயில் கை கழுவிவிட்டு வாருங்கள். சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது. சோப்பு வைத்திருக்கிறேன்.